அரக்கு முத்திரையும் பதிவேடும்: நம் சென்னையின் தடய அறிவியல் கதை

 

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தடய அறிவியல் படிப்பில் சேர்க்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் சினிமாவில் காட்டுவதுபோல, பூதக்கண்ணாடியை எடுத்தவுடன் குற்றவாளி கிடைத்துவிடுவான் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். அந்தத் துறையில் பெரிய மூளைக்காரர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிரபராதியைக் காப்பாற்றுவதும், ஒரு குற்றவாளியைத் தப்பவிடாமல் பிடிப்பதும் பல நேரம் ஒரு பதிவேட்டில், ஒரு சீட்டில், ஒரு கையெழுத்தில் இருக்கிறது. இதற்கு இன்று வைத்திருக்கும் பெயர் 'தர மேலாண்மை'. பெயர் புதிது, விஷயம் பழையது. அது நம் ஊரிலிருந்தே தொடங்குகிறது.

1849-ஆம் ஆண்டு. தாம்பரத்துக்கு ரயில் பாதையே வராத காலம். அப்போதே சென்னை மாகாணத்தில் அரசின் சுகாதாரத் துறையின் கீழ் 'இரசாயன ஆய்வாளர்' ஆய்வகம் தொடங்கப்பட்டுவிட்டது. இந்தியாவில் இத்தகைய ஆய்வகங்களில் இதுவே முதலாவது. அடுத்துக் கல்கத்தாவில் 1853-லும், ஆக்ராவில் 1864-லும், பம்பாயில் 1870-லும் வந்தன. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்று மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறை.

அந்தக் காலத்தில் முக்கியமான வேலை விஷம் கண்டுபிடிப்பது. கிராமங்களில் பாஷாணம், ஊமத்தை, அரளி என்று எத்தனையோ வழிகள். இறந்தவரின் குடல், ஈரல் முதலியவற்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடி, துணி கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தி, சீட்டு எழுதிச் சென்னைக்கு அனுப்புவார்கள். மாட்டு வண்டியிலும் படகிலும் பிறகு ரயிலிலும் அது பல நாள் பயணம் செய்து வரும்.

ஆய்வகத்தில் ஜாடியைத் திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்த முத்திரையைத்தான். அனுப்பியவர் தனியாகக் கடிதத்தில் ஒட்டி அனுப்பிய மாதிரி முத்திரையும், ஜாடியில் இருக்கும் முத்திரையும் ஒன்றா? அரக்கு உடைந்திருக்கிறதா? சீட்டில் உள்ள பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா? இது தெரியாமல் உள்ளே எவ்வளவு நுட்பமான சோதனை செய்தும் பயனில்லை. யாருடைய ஈரல் என்றே தெரியாவிட்டால் அதில் விஷம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அடுத்து சோதனை. பாஷாணத்தைக் கண்டுபிடிக்க 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர் ஒரு முறையைச் சொன்னார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்து, அதில் சந்தேகப்படும் பொருளைப் போட்டால், பாஷாணம் இருக்கும் பட்சத்தில் ஒரு வாயு வரும். அதைச் சூடாக்கினால் கண்ணாடியில் கருப்பாகப் படியும். அருமையான முறை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் துத்தநாகத்திலும் அமிலத்திலும்கூட இயற்கையாகவே கொஞ்சம் பாஷாணம் கலந்திருக்கக்கூடும்! அதனால் எதையும் போடாமல் முதலில் வெறும் துத்தநாகத்தையும் அமிலத்தையும் வைத்து ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். கருப்புப் படியவில்லை என்று உறுதியான பிறகே உண்மையான மாதிரியைப் போடலாம். வெற்றுச் சோதனை என்பது இதுதான்.

இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம் ஆய்வகம் தொடங்கிப் பத்து வருடத்தில் லண்டன் பக்கத்திலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. 1859-ல் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற மருத்துவர் ஒரு பெண்ணுக்கு விஷம் கொடுத்ததாக வழக்கு. இங்கிலாந்தின் தலைசிறந்த விஷ நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர் ஒரு புட்டியைச் சோதித்துப் பாஷாணம் இருக்கிறது என்றார். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாஷாணம் அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பு வலையிலிருந்து வந்தது என்று! அதை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆனாலும் ஸ்மெதர்ஸ்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். ஊரே கொந்தளித்த பிறகு அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. டெய்லர் சாதாரண ஆள் இல்லை, பாடநூல் எழுதியவர். அப்பேர்ப்பட்டவரின் கையும் தவறியது.

நம் நாட்டில் இது இன்னும் முக்கியம். காரணம் நம் சட்டம். பொதுவாக ஒருவர் சாட்சி சொன்னால் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அரசு இரசாயன ஆய்வாளரின் அறிக்கையை, அவர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்கலாம் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510-வது பிரிவு சொன்னது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 293-வது பிரிவாக வந்தது. இப்போது புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 329-வது பிரிவு. நீதிமன்றம் விரும்பினால் நிபுணரை அழைக்கலாம். ஆனால் பெரும்பாலும் காகிதம் மட்டும்தான் போகும். நூற்றுக்கணக்கான வழக்குகளில் நிபுணர்கள் தினமும் நீதிமன்றத்தில் நின்றால் ஆய்வகத்தில் யார் வேலை செய்வது? ஆகவே சட்டம் நியாயமானதுதான். அப்படியானால் அந்தக் காகிதத்தை எந்த நம்பிக்கையில் ஏற்கிறோம்? அது எப்படித் தயாரானது என்ற நடைமுறை ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

இப்போது நம் தாம்பரம் வழியாகப் போன ஒரு ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாக நினைவிருக்கும், ஆளவந்தார் கொலை வழக்கு. 1952 ஆகஸ்ட் கடைசி. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. தாம்பரம், செங்கல்பட்டு எல்லாம் தாண்டிப் போன அந்தப் பெட்டியிலிருந்து துர்நாற்றம் வரவே, மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். சில நாளில் சென்னை இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது.

மானாமதுரையில் முதலில் செய்த பிரேதப் பரிசோதனையில் இறந்தவருக்குச் சுமார் 25 வயது இருக்கும் என்று சொல்லப்பட்டது. காணாமல் போன பேனா வியாபாரி ஆளவந்தாரோ நாற்பதைத் தாண்டியவர். அத்தோடு விட்டிருந்தால் இரண்டும் இரண்டு வழக்காகவே போயிருக்கும். உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்து, மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவ நிபுணர் சி.பி. கோபாலகிருஷ்ணா மறுபடி பரிசோதித்தார். வயது 42-க்கும் 45-க்கும் இடையில் என்றார். தலையும் உடலும் ஒருவருடையவைதான் என்றும் உறுதியாயிற்று. அதற்கும் மேலே ஒன்று. ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அங்கே அவருடைய கைரேகை பதிவாகியிருந்தது. உடலின் ரேகை அதோடு ஒத்துப்போனது.

இந்தக் கதையில் எல்லோரும் டிரங்குப் பெட்டியை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் எனக்குப் பிடித்தது வேறு இரண்டு. ஒன்று, முதல் முடிவை அப்படியே நம்பாமல் இன்னொருவர் சுதந்திரமாகப் பார்த்தது. இரண்டு, பல வருடம் முன்பு ஏதோ ஓர் அலுவலகத்தில் பெயர் தெரியாத ஒரு குமாஸ்தா ஒருவரின் கைரேகையை மை சிந்தாமல் எடுத்து, சரியான பெயரில் கோப்பில் வைத்தது. அவருக்கு இது ஒரு கொலை வழக்கில் பயன்படும் என்று தெரியவே தெரியாது. தன் வேலையைச் சரியாகச் செய்தார், அவ்வளவுதான்.

அடுத்து 1991. நம் தாம்பரத்திலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூர். மே 21 இரவு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் பி. சந்திரசேகரன். சிதறிக் கிடந்த துணித் துண்டுகள், கம்பித் துண்டுகள், பேட்டரியின் பாகம் ஆகியவற்றைப் பொறுமையாகச் சேகரித்துப் பொருத்திப் பார்த்து, ஒரு பெண் தன் உடம்பில் கட்டியிருந்த வெடிகுண்டுதான் இது என்ற முடிவுக்கு வந்தார். பிறகு அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா தப்பியதும், அதிலிருந்த படங்கள் விசாரணையின் திசையையே காட்டியதும் உங்களுக்குத் தெரியும். துண்டு துணுக்குகளை யாராவது 'குப்பை' என்று கூட்டித் தள்ளியிருந்தால்? எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று குறிக்காமல் ஒரே சாக்கில் அள்ளியிருந்தால்? எவ்வளவு பெரிய நிபுணராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இதுவரை சொன்னவை வெற்றிக் கதைகள். இப்போது மறுபக்கம்.

ஜெர்மனியில் 2007-ல் ஹைல்ப்ரான் என்ற ஊரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே எடுத்த மரபணுவும், 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் நடந்த சுமார் நாற்பது குற்ற இடங்களில் எடுத்த மரபணுவும் ஒரே பெண்ணுடையவை என்று தெரிந்தது! கொலை, கொள்ளை, சில்லறைத் திருட்டு எல்லாவற்றிலும் அதே பெண். 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009-ல்தான் குட்டு உடைந்தது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் மரபணு அது. குச்சிகளில் கிருமி கிடையாது, அதை நீக்கியிருந்தார்கள். ஆனால் கிருமி செத்தாலும் மரபணு போகாது. 1859-ல் செம்பு வலை செய்த வேலையை 150 வருடம் கழித்துப் பஞ்சுக் குச்சி செய்தது. இந்த அனுபவத்துக்குப் பிறகு, இத்தகைய பொருள்களை மரபணுக் கலப்பு இல்லாமல் தயாரிக்க 2016-ல் தனியாக ஒரு சர்வதேசத் தரமே, ஐ.எஸ்.ஓ. 18385, வந்தது.

நம் நாட்டில் நொய்டாவில் 2008-ல் ஒரு சிறுமியும் வீட்டுப் பணியாளரும் கொலையான வழக்கு எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு தலையணை உறை பற்றிய மரபணு அறிக்கை பெரிய விவாதமானது. இன்னொரு பணியாளரின் அறையில் எடுத்த உறையில், கொலையான பணியாளரின் மரபணு இருந்ததாக 2008 அறிக்கையில் இருந்தது. 2011-ல் ஆய்வகம் கொடுத்த விளக்கம், இரண்டு உறைகளின் விவரம் தட்டச்சில் மாறிவிட்டது என்பது. எது சரி என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். பெற்றோருக்கு 2013-ல் ஆயுள் தண்டனை, 2017-ல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் விடுதலை. அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்படவில்லை. மரபணு இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், சீட்டில் சந்தேகம் வந்துவிட்டால் அதன் மதிப்பு அவ்வளவுதான்.

நம் தமிழ்நாட்டு வழக்குக்கு வருகிறேன். இதைப் படித்தபோது எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. 2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் கொல்லப்பட்டார்கள். ஒருவர் கைது செய்யப்பட்டார். விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. மரபணு மாதிரிகள் எடுக்கப்பட்டதற்கும் ஆய்வகத்துக்குப் போனதற்கும் இடையில் தாமதம். அதற்கு விளக்கம் இல்லை. இடையில் அவை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை. கலப்படம் நடந்திருக்காது என்று சொல்ல முடியாத நிலையில் அந்தச் சாட்சியத்தை நம்பி ஒருவரைத் தூக்கில் போட முடியாது என்றது நீதிமன்றம்.

யோசித்துப் பாருங்கள். அவர் குற்றம் செய்யாதவர் என்றால், ஒரு நிரபராதி தூக்குக் கயிற்றின் நிழலில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். வேறு யாரோ செய்தது என்றால் அந்த ஆள் வெளியே நடமாடுகிறான். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குப் பதினான்கு வருடம் கழித்தும் பதில் இல்லை. காரணங்களில் ஒன்று, எழுதப்படாமல் போன சில வரிகள்.

அதே தீர்ப்பில் நாடு முழுமைக்கும் உத்தரவுகள் வந்தன. மாதிரி எடுத்ததும் பொட்டலத்தில் எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் எழுத வேண்டும். மருத்துவர், அதிகாரி, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதியில்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று முதலிலிருந்து கடைசிவரை ஒரு பதிவேடு இருக்க வேண்டும். 1849-ல் ஜாடிக்கு அரக்கு வைத்தபோது இருந்த அதே எண்ணம்தான் இது. 176 வருடம் கழித்து அதை உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஆய்வகத்துக்கு உள்ளேயும் ஒழுங்கு வேண்டும். அதற்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 17025, 1999-ல் வந்தது. நம் நாட்டில் என்.ஏ.பி.எல். என்ற அமைப்பு ஆய்வகங்களைத் தணிக்கை செய்து சான்று தருகிறது. அதில் என்ன கேட்பார்கள் என்று கடினமான சொற்கள் இல்லாமல் சொல்கிறேன்.

தாம்பரம் மார்க்கெட்டில் தராசுக்கு முத்திரை போட வருவார்கள் அல்லவா? அதுபோல ஆய்வகத்தின் தராசு, வெப்பமானி, இயந்திரம் எல்லாவற்றையும் குறித்த காலத்தில் சரிபார்க்க வேண்டும். வெளியிலிருந்து விடை மறைத்த மாதிரிகளை அனுப்புவார்கள், ஆய்வாளர் சரியாகக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க. பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷன் மாதிரிதான். தவறு நடந்தால் மறைக்காமல் எழுதி, ஏன் நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்தோம் என்று கோப்பில் வைக்க வேண்டும். ஒருவர் முடிவை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

அந்தச் சரிபார்ப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை, அமெரிக்காவின் ஓரிகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர் சொன்னார். அடுத்தடுத்துப் பார்த்தவர்களும் ஆமாம் என்றார்கள். அவரைக் கைது செய்து இரண்டு வாரம் சிறையில் வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடைய ரேகை என்று கண்டுபிடித்தது. சரிபார்த்தவர்களுக்கு முதலாமவரின் முடிவு முன்கூட்டியே தெரியும். அங்கேதான் கோளாறு. பொதுத் தேர்வில் விடைத்தாளின் முகப்புத்தாளை ஏன் பிரித்து எடுக்கிறோம்? யார் எழுதியது என்று தெரிந்தால் எவ்வளவு நேர்மையான ஆசிரியரின் பேனாவும் கொஞ்சம் சாயும். வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போது ஏன் இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்குகிறோம்? ஆசிரியர்மேல் சந்தேகப்பட்டா? இல்லை. நாளை யாரும் சந்தேகப்பட இடம் வைக்கக் கூடாது என்பதற்காக. தேர்வுப் பணி பார்த்த எந்த ஆசிரியரும் தடய அறிவியலின் தர மேலாண்மையை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஐந்து ஆண்டுக்குள் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். ஆய்வகங்களுக்கு வரும் பொட்டலங்கள் பெருகும். 2022 ஜனவரியிலிருந்து நம் தாம்பரத்துக்கே தனி போலீஸ் கமிஷனரகம் இருக்கிறது. பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று எங்கே குற்றம் நடந்தாலும் இது நம் கதவைத் தட்டும் விஷயம். கட்டடமும் இயந்திரமும் வாங்குவது சுலபம். ஆனால் போதிய ஆட்கள் இல்லாமல் வேலை மட்டும் ஏறினால், முதலில் அடிபடுவது பதிவேடுதான். 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று தள்ளி வைப்பார்கள்.

என்னிடம் படித்தவர்களில் காவல் துறையில் இருக்கிறீர்கள், அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறீர்கள், இரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறீர்கள், நீதிமன்றத்தில் எழுத்தராக இருக்கிறீர்கள். உங்களில் பலர் கையில் என்றாவது ஒருநாள் இத்தகைய ஒரு பொட்டலம் வரும். நேரத்தை எழுதுங்கள். வாங்கியவர் பெயரை எழுதி வாங்குங்கள். முத்திரை உடைந்திருந்தால் உடைந்திருக்கிறது என்றே எழுதுங்கள், மேலதிகாரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. யாரும் பாராட்ட மாட்டார்கள், செய்தித்தாளில் பெயர் வராது. ஆனால் எங்கோ ஒரு தாய்க்கு 'என் பிள்ளையைக் கொன்றவன் இவன்தான்' என்றோ, வேறொரு தாய்க்கு 'என் பிள்ளை செய்யவில்லை' என்றோ உறுதியாகச் சொல்ல, அந்த ஒரு வரி தேவைப்படும்.

அடுத்த வாரம் சுருக்கமாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
கிழக்குத் தாம்பரம்.